பீட் சீகரா, கத்தரா?
மக்கள் பாட்டு கேட்க ஆரம்பிக்கிறவர் யாரிடமிருந்து தொடங்கலாம், அமெரிக்காவின் பீட் சீகரா, தெலங்கானாவின் கத்தரா? சீகர் கையில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம். அடுத்த வரியை முன்கூட்டியே எடுத்துக்கொடுத்து அரங்கம் மொத்தத்தையும் பாடவைத்துவிடுவார். 1955-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் தன் அரசியலைச் சொல்ல மறுத்தார், 1961-இல் தண்டனை, 1962-இல் மேல்முறையீட்டில் ரத்து, ஆனாலும் பெரிய தொலைக்காட்சிகள் பல வருடம் அவரைக் கூப்பிடவே இல்லை. கத்தர் வேறு ரகம். தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை, பாட்டோடு உடம்பும் சேர்ந்து ஆடும். 1997-இல் வீட்டிலேயே சுடப்பட்டவர், ஒரு குண்டை முதுகுத்தண்டில் சுமந்தபடியே, 2023-இல் இறக்கும் வரை வாழ்ந்தார், பாடினார். சேர்ந்து பாட ஆசையென்றால் சீகர், சரி. என் ஓட்டு கத்தருக்குத்தான். தெலுங்கு தெரியாவிட்டாலும் அந்தச் சலங்கை நம் தெருக்கூத்துக் காலடி மாதிரியே கேட்கும்.