வரியில்லாமல் வாங்கிய மழைநீர்ப் பீப்பாய்: ஐந்துக்கு மூன்றரை

டெக்சாஸில் மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே விடுமுறை வார இறுதியில், சனி முதல் திங்கள் வரை, தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் பல பொருள்களுக்கு விற்பனை வரி கிடையாது. மாநிலச் சட்டமே அப்படி. மழைநீர்ச் சாதனங்களுக்கு வருடம் முழுக்கவே விலக்கு உண்டு, ஆனால் படிவம் நிரப்ப வேண்டும். இந்த மூன்று நாளில் அந்தத் தொல்லை இல்லை. போன மே மாதம் 120 டாலருக்கு 50 கேலன் பீப்பாய் வாங்கினேன், சுமார் 190 லிட்டர். ஆஸ்டினில் வரி 8.25 சதவீதம் என்பதால் 9 டாலர் 90 சென்ட் மிச்சம். கூடவே எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கன முத்திரையுள்ள சீலிங் ஃபேன் ஒன்று, அதற்கும் வரியில்லை.

பச்சை நிறத்தில் வாங்கியது என் தப்பு. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பீப்பாயே கூடாது என்று சங்கம் சொல்ல முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டு நிறத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மறுக்கலாம். ஒரு சனிக்கிழமை முழுக்க மணல் நிற பெயிண்ட் அடித்தேன்.

குழாய் அடியிலிருந்து நாலு விரற்கடை மேலே இருக்கிறது. அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் சாய்த்தால்தான் வரும். ஹாலோ பிளாக் கல் வைத்து உயர்த்தாவிட்டால் வாளிகூட அடியில் நுழையாது. மேல் வலை நல்ல நெருக்கம், கொசு போகவில்லை. முதல் மழையிலேயே நிரம்பி வழிந்தது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குலம் பெய்தாலே 600 கேலன் வருமே! 2003-ல் சென்னையில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அப்பா தோண்டிய குழிக்கு முன்னால் இது ஒரு சின்னச் செம்புதான்.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் கரண்ட் போய், அப்புறம் தண்ணீரும் போய், வாசல் பனியை அள்ளி உருக்கி டாய்லெட்டில் ஊற்றினோம். அந்த பயத்தில்தான் வாங்கினேன். வாங்கிய பிறகு கையேட்டைப் பார்த்தால், உறைபனிக்கு முன் காலி செய்துவிடவும், இல்லாவிட்டால் விரிசல் விடும் என்கிறது!

2025 நவம்பரில் ஓட்டுப் போட்டு நிறைவேறிய டெக்சாஸ் அரசியலமைப்புத் திருத்தப்படி, 2027 முதல் 20 ஆண்டுகளுக்கு விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 100 கோடி டாலர் வரை தண்ணீர்த் திட்டங்களுக்குப் போகும். என் 9 டாலர் 90 சென்ட் அதில் சேராது, சரி.

குழாய்த் தண்ணீரில் மஞ்சளடித்துக் கிடந்த கறிவேப்பிலைச் செடி இப்போது துளிர் விட்டிருக்கிறது. அரை மதிப்பெண் அதற்கு.