ஒற்றைப் பொத்தான் வாட் மீட்டர்: நான்கு ஆண்டு அனுபவம்

பிளக்குக்கும் சுவர்ச் சாக்கெட்டுக்கும் இடையில் செருகிக்கொள்ளும் என் வாட் மீட்டரின் பொத்தான் சென்ற மாதம் அழுத்தினாலும் அசையாமல் நின்றுவிட்டது. வேறு வேலையாகச் சென்னைக்குப் போனபோது அதை ரிச்சி தெருவில் ஒரு சிறு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து பார்த்து, "மற்றதெல்லாம் புதிது போல இருக்கிறது, பொத்தான் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது" என்றார். அவர் வியப்போடு சொன்னது நான்கு ஆண்டுகளாக என் மனத்தில் புகைந்துகொண்டிருக்கும் குறை. அதே வாரத்தில் என் மைத்துனரும், தானும் இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன், திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட் எவ்வளவு பங்கு என்பது), யூனிட் எல்லாவற்றையும் இந்தக் கருவி காட்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே காட்டும்; அடுத்ததைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். வோல்ட்டுக்கு அடுத்த திரை ஆம்பியராக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இடையில் மின்சாரத்தின் அதிர்வெண்ணை, 50 ஹெர்ட்ஸ் என்று காட்டுவதற்கென்றே ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அதனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் இருப்பதால், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்ட நொடியில் மின்னழுத்தம் இறங்கிவிடும். ஒரு நாள் கீசரை அளந்தபோது 214 வோல்ட் என்று குறித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி ஆம்பியர் திரைக்குப் போனால் 7.82 என்றிருந்தது. வகுத்துப் பார்த்தால் மின்தடை 27.4 ஓம். சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது மின்னழுத்தம் 207 ஆகியிருந்தது. அதன்படி கணக்கிட்டால் 26.5 ஓம். கீசரின் காயில் மாறவில்லை, நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த இடைவெளியில் வோல்ட்தான் மாறிவிட்டது.

பிறகு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ஆம்பியர் திரையும் வாட் திரையும் அடுத்தடுத்து வருவதால், வோல்ட்டை விட்டுவிட்டு, வாட்டை ஆம்பியரின் வர்க்கத்தால் வகுத்துவிடுகிறேன்: 1619 வாட்டை 7.82-இன் வர்க்கமான 61.15-ஆல் வகுத்தால் அதே 26.5 ஓம் வருகிறது. ஆம்பியரில் உள்ள பிழை வர்க்கத்தில் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனாலும் ஏழு வோல்ட் வழுக்குவதைவிட அது மேல்.

இவ்வளவு எரிச்சலுக்கும் நடுவில் இந்தக் கருவி எனக்குச் செய்த ஒரு நன்மையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் சூடாவதற்கு நேரம் பிடிக்கிறது என்று மெக்கானிக்கை அழைத்தோம். அவர் மூடியைக்கூடத் திறக்காமல், காயில் வீக்காகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். கீசரின் மேல் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சிட்டிருந்தது. 230-இன் வர்க்கத்தை 2000-ஆல் வகுத்தால் காயிலின் மின்தடை 26.45 ஓம் இருக்க வேண்டும். அன்று மாலை மீட்டர் காட்டியது 198 வோல்ட், 7.49 ஆம்பியர், அதாவது 26.4 ஓம். காயில் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது! குறைந்திருந்தது மின்னழுத்தம்: அது 14 விழுக்காடு குறைந்ததற்கே மின்திறன் 26 விழுக்காடு குறைந்து 1483 வாட்டுக்கு வந்துவிட்டது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட்டில் 15 நிமிடம் போதும்; இந்த வாட்டில் 20 நிமிடம் ஆகும். மெக்கானிக்கிடம் கணக்கைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, வந்து போன கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மின்தடையை அளக்க மல்டிமீட்டர் போதாதா என்று மைத்துனர் கேட்டார். கீசர் காயிலுக்குப் போதும், ஏனென்றால் நிக்ரோம் கம்பி சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறாது. ஆனால் பரணில் கிடந்த பழைய 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தபோது 38 ஓம் காட்டியது. அதை நம்பினால் அந்த பல்பு 1400 வாட் இழுக்க வேண்டும். எரியவிட்டு வாட் மீட்டரில் பார்த்தால் 230 வோல்ட்டுக்கு 0.43 ஆம்பியர், ஏறத்தாழ 535 ஓம். டங்ஸ்டன் இழை வெண்சூடாகும்போது அதன் மின்தடை பதினான்கு மடங்கு ஏறுகிறது என்பதைப் பள்ளியில் படித்திருந்தாலும், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூடத்தில் இன்னும் சோக் வைத்த பழைய டியூப் லைட்தான். அதுவும் அதே 0.43 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஆனால் 228-ஐ 0.43-ஆல் பெருக்கினால் வரும் 98-ஐ வாட் என்று எழுதிவிடக் கூடாது. வாட் திரையில் 46 என்றுதான் இருக்கும், திறன் காரணி 0.47. சோக்கில் மின்தடையோடு வேறொரு எதிர்ப்பும் சேர்ந்திருப்பதால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவதை மின்தடை என்றும் சொல்ல முடியாது. கீசர், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு ஆகியவற்றோடு என் குறுக்குவழி நின்றுவிடுகிறது.

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: இந்த மாடலை வாங்க வேண்டாம். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் ஒரே திரையில் தெரிகிற மீட்டர்கள் இப்போது கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள். "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர் உடனே சொன்னார். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே மீட்டரை எடுத்துவந்து அவர் வீட்டுக் கீசரை அளந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.