வெயிலில் மழை காட்டும் மழைமானி: கோண்டாவிலிலும் ஸ்காபரோவிலும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வளவுக்குள், வானிலையை அளக்கிற வெதர் ஸ்ரேஷன் பூட்டிச் சில மாரிகள் போய்விட்டன. வெப்பநிலை, ஈரப்பதன், காற்று எல்லாம் ஒழுங்காகக் காட்டுகிறது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மழைமானியைப் பற்றித்தான் எழுத வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மழைதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். அதனால் எத்தனை மில்லிமீற்றர் விழுந்தது என்ற கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. புனலின் துளைக்கு நேர் கீழே இரண்டு சின்னக் கிண்ணங்கள் ஒரே அச்சில் முதுகோடு முதுகாக நிற்கும். ஒன்றில் 0.2 மில்லிமீற்றர் மழைக்குரிய தண்ணீர் நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும், அந்த அசைவில் ஒரு காந்தம் சுவிச்சைக் கடந்து போகும், ஒரு எண்ணிக்கை. இவ்வளவுதான்.

இங்கே இதன் முதல் எதிரி வேம்பு. ஒரு காய்ந்த வேப்பிலை துளையில் குறுக்கே படுத்தால் போதும், பூவும் தூசியும் அதன்மேல் சேர்ந்து களி மாதிரி அடைத்துவிடும். இரவு முழுக்க அடித்து ஊற்றியிருக்கும், திரையில் ஒன்றும் இராது. அடுத்த நாள் நல்ல வெயிலில், புனலில் தேங்கி நின்ற தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க, மெஷின் மழை என்று காட்டும். அப்புறம் எறும்பு. வெயில் காலத்தில் கிண்ணத்துக்கடியில் மண் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் கிண்ணம் பாதியில் நின்றுவிடும்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தம்பியிடமும் இதே மொடல்தான். தை மாதத்தில் ஒருநாள் அழைத்து, "அண்ணை, இங்க வானம் பளிச்செண்டு கிடக்கு, மெசின் மழை எண்டு காட்டுது" என்றான். எங்கள் வேப்பிலை செய்கிற வேலையை அங்கே ஸ்னோ செய்கிறது. புனலில் குவிந்து கிடந்து, வெயில் பட்டோ வெப்பம் பூச்சியத்துக்கு மேலே ஏறியோ உருகும்போதுதான் கிண்ணம் அசையும். நாள் பிழை. காற்றில் பாதி பறந்துவிடுவதால் அளவும் பிழை. ஹீற்றர் பூட்டலாம், ஆனால் அதற்குத் தனிக் கரண்ட் வேண்டும், சூடு கூடினால் உருகிய தண்ணீரில் கொஞ்சம் ஆவியாகவும் போய்விடும். துளி விழும் அதிர்வை எண்ணுகிற புதுவகை மானியும் ஸ்னோவுக்கு உதவாது, அது விழுகிற விசை அவ்வளவு மெல்லியது.

கடைசியில் அவன் கையால் அளக்கிற, வாய் நாலு அங்குல விட்டமுள்ள மழைமானி ஒன்று வாங்கி, எனக்கும் ஒன்று அனுப்பினான். என் கருத்தில் வெதர் ஸ்ரேஷன் வைத்திருக்கிற எவருக்கும் இது கட்டாயம் வேண்டும். உள்ளே ஒடுங்கிய குழாய், வெளியே அகன்ற குழாய். உட்குழாய் ஒரு அங்குல மழையைப் பிடிக்கும், மிச்சம் வெளிக்குழாயில் வழியும். குளிர்காலத்தில் தம்பி புனலையும் உட்குழாயையும் கழற்றி வைத்துவிடுவான், இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். வெளிக்குழாயில் விழுந்த ஸ்னோவுக்குள் அளந்த இளஞ்சூட்டு நீரை ஊற்றி உருக்கி, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழித்தால் கணக்குச் சரி. பத்து சென்றிமீற்றர் ஸ்னோவுக்குப் பத்து மில்லிமீற்றர் தண்ணீர் என்று சொல்வார்கள், ஆனால் உலர்ந்த ஸ்னோவில் அது நல்லாகக் குறையும், ஈர ஸ்னோவில் கூடும், ஆகவே உருக்கித்தான் பார்க்க வேண்டும்.

அதே வெளிக்குழாய் இங்கே எனக்குக் கார்த்திகை அடைமழையில் கைகொடுக்கிறது. தூறலில் இரண்டு மானியும் ஒத்துப்போகும். 2008 நிஷா, 2020 புரெவி மாதிரிப் புயல் மழையில் கிண்ணம் சாய்கிற அந்தக் கணத்திலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், அது எண்ணப்படாமல் போகும். எனவே பெருமழை நாட்களில் மெஷின் பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்லும். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாளின் மழைக் கணக்கைக் காலை 8.30க்கு முடிப்பதால் நானும் அந்த நேரத்தில்தான் கைமானியைப் பார்த்து எழுதுகிறேன்.

மாரி தொடங்கமுதல் ஒரு சோதனை செய்வேன். புனல் வாயின் விட்டம் 16 சென்றிமீற்றர் என்றால் பரப்பு ஏறத்தாழ 201 சதுர சென்றிமீற்றர், 10 மில்லிமீற்றர் மழைக்கு 201 மில்லிலீற்றர் தண்ணீர். அடியில் ஊசித்துளை போட்ட போத்தலில் அதை நிரப்பி, புனலுக்கு மேலே மெதுவாகச் சொட்டவிட்டால் கிண்ணம் 50 தரம் சாய வேண்டும். கூடக்குறையச் சாய்ந்தால் கிண்ணத்துக்கடியில் இருக்கும் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். எல்லா மொடலிலும் அந்தத் திருகாணி இல்லை, வாங்கும்போது மூடியைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு இரும்பு ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத ஆணி மாற்றிக்கொள்வது நல்லது.