காலிக் கோட்டையா, தரங்கம்பாடியா? ரெண்டும் பாத்தவன் சொல்றேன்

கடலோரத்துல மதில் சுவரோட இருக்கிற பழைய ஊர் ஒண்ணு பாக்கணும்னு ஆசைப்படுறவங்க என்கிட்ட கேட்டா நான் ரெண்டே ரெண்டு ஊர்தான் சொல்லுவேன், ஒண்ணு இலங்கையில காலி, இன்னொண்ணு நம்ம மயிலாடுதுறை மாவட்டத்து தரங்கம்பாடி. போன ரெண்டு வருஷத்துல அம்மாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டுக்கும் போய்ட்டு வந்துட்டேன், அதனால எது யாருக்கு ஒத்து வரும்னு கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

முதல்ல மதில், ஏன்னா பாக்க போறதே அதைத்தானே. காலியில மதில் அப்படியே முழுசா இருக்கு. போர்ச்சுகீசியர் 1588ல கட்ட ஆரம்பிச்சது, 1640ல டச்சுக்காரன் பிடிச்சு பெருசாக்கி கடல் பக்கத்தையும் சேத்து சுத்தி வளைச்சு மூடிட்டான், 1796ல பிரிட்டிஷ்காரன் கைக்கு போச்சு, 1988ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. மதில் மேலயே நடந்து ஊரை ஒரு சுத்து சுத்தலாம், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஓட்டு வீடு, மசூதி, பள்ளிக்கூடத்து பிள்ளைங்க. சுவரைக் கிட்டக்க போய் பாருங்க, கருங்கல்லுக்கு நடுவுல நடுவுல பவளப்பாறைத் துண்டு பதிச்சிருக்கும், தேன்கூடு மாதிரி குட்டி குட்டி ஓட்டை, விரல் வெச்சா சொரசொரன்னு இருக்கும், கடலுக்குள்ள வளந்ததை வெட்டி எடுத்து கடலைத் தடுக்கவே வெச்சிருக்கான். பழைய வாசல்ல உள்பக்கம் தலையைத் தூக்கிப் பாத்தா டச்சு கம்பெனி முத்திரை, ரெண்டு பக்கமும் சிங்கம், மேல சேவல், 1669ன்னு வருஷம், அதே வாசல்ல வெளிப்பக்கம் பிரிட்டிஷ் முத்திரை.

தரங்கம்பாடில அந்த மாதிரி நினைச்சுக்கிட்டு போனா மனசு கஷ்டமாயிரும், இதை முன்னாடியே சொல்லிடணும். ஊரைச் சுத்தி இருந்த மதில் பெரும்பாலும் போயிடுச்சு, 1792ல திரும்பக் கட்டின வெள்ளை நுழைவாசல் மட்டும் நிக்குது, அதுக்குள்ள பஸ்சும் டூவீலரும் போய் வருது. உள்ள நேரா கிங் ஸ்ட்ரீட், ரெண்டு பக்கமும் பழைய பங்களா, சர்ச், கடைசியில கடலைப் பாத்த மாதிரி டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட 1620ல ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரன் கட்டினது, 1845ல பிரிட்டிஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். ஊர் முழுக்க நிதானமா பாத்தாலும் அரை நாள்தான்.

ஆனா கதைன்னு எடுத்துக்கிட்டா எனக்கு தரங்கம்பாடிதான் நெருக்கம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல இங்கதான் வந்து இறங்கி தமிழ் கத்துக்கிட்டாரு, இங்க அச்சுக்கூடம் வெச்சு 1715க்குள்ள தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாங்க, அவர் கட்டின புதிய எருசலேம் சர்ச்சுல (1718) அவரையே அடக்கம் பண்ணியிருக்காங்க. இன்னிக்கு நாம போன்ல தட்டுற இதே எழுத்தை அன்னிக்கு ஈயத்துல வார்த்து கோத்த ஊர் இதுன்னு நினைச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடந்தப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு.

காலியில தமிழ் இல்லையான்னு கேக்காதீங்க, இருக்கு. சீனத் தளபதி செங் ஹெ சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழியில வெட்டிக் கொண்டுவந்த 1409ஆம் வருஷக் கல்வெட்டு 1911ல காலியிலதான் கிடைச்சது. இப்ப அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு, காலிக்குப் போறதுக்கு முன்னாடி அங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. கோட்டைக்குள்ள இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள்ல பலர் தமிழ் பேசுவாங்க. மசூதிப் பக்கம் நாங்க பேசிக்கிட்டு போனதைக் கேட்டு ஒரு பெரியவர் "எங்கயிருந்து வாறீங்க மகள்?"னு அம்மாகிட்ட கேட்டாரு, அம்மாவுக்கு அதுக்கப்புறம் அந்த ஊரே சொந்த ஊர் ஆயிடுச்சு.

இப்ப கடல். ரெண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமே இதுலதான்னு நான் நினைக்கிறேன். 2004 சுனாமியில காலி பஸ் ஸ்டாண்டும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கி நாசமாச்சு, ஆனா கோட்டைக்குள்ள பெருசா சேதம் இல்ல, மதில் தாங்கிடுச்சு. கடல் தண்ணியை உள்ள விட்டு கழுவி விடுற மாதிரி பாதாளச் சாக்கடை கூட அந்தக் காலத்துலயே கட்டி வெச்சிருந்தாங்க, அதாவது கடலைத் தடுக்கவும் தெரிஞ்சிருக்கு, வேலை வாங்கவும் தெரிஞ்சிருக்கு. தரங்கம்பாடில அதே சுனாமி மீனவர் குப்பத்தை அடிச்சு நிறைய உயிரைக் கொண்டுபோச்சு. அதுக்கும் ரொம்ப முன்னாடியே கடல் அங்க ஊரைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டின மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பக்கம் கடலோட போயிடுச்சு, இப்ப அலையைத் தடுக்க பாறாங்கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. அந்தக் கல் மேல உக்காந்து மிச்சக் கோயிலைப் பாக்கிறப்ப காலியில பாத்த மதில்தான் ஞாபகம் வந்துச்சு.

செலவு, வசதியெல்லாம் சுருக்கமா சொல்லிடுறேன். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலயோ காரைக்கால்லயோ இறங்கி பஸ் பிடிச்சா போதும், கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியத்துக்கு டிக்கெட் சொற்பம், லீவு நாள் எதுன்னு விசாரிச்சிட்டு போங்க. சாப்பாட்டுக்கு ஊருக்குள்ள பெருசா எதுவும் எதிர்பாக்க வேணாம், பொறையார் பக்கத்துலதான் இருக்கு. காலிக்கு பாஸ்போர்ட், ஃப்ளைட்னு ஆரம்பமே செலவுதான், கோட்டைக்குள்ள ரூமும் காபியும் விலை அதிகம், வாசலைத் தாண்டி வெளிய வந்தா சோறும் கறியும் நியாயமான விலைக்கு கிடைக்கும். ஆனா கோட்டைக்குள்ள நடக்க டிக்கெட் கிடையாது. கொழும்பு கோட்டை ஸ்டேஷன்லேருந்து ரயில் ரெண்டரை மணி நேரம் மாதிரி ஆகும், போகும்போது வலது பக்க சீட் பிடிங்க, கடல் கூடவே வரும், அந்த ரயிலுக்காகவே ஒருதடவை போலாம்.

ஒரு தப்பு நாங்க பண்ணினது, நீங்க பண்ணாதீங்க. மத்தியானம் 12 மணிக்கு காலி மதில் மேல ஏறிட்டோம், நிழல்னு ஒரு இடம் இல்ல, அம்மாவுக்கு தலை சுத்தி உக்காந்துட்டாங்க, தண்ணி வேற தீந்துபோச்சு. சாயந்தரம் 4 மணிக்கு மேல ஏறி கலங்கரை விளக்கத்துலேருந்து ஆரம்பிங்க, கடல் பக்கமாவே நடந்தா சூரியன் மறையறதைப் பாத்துட்டு கீழ இறங்கலாம். தரங்கம்பாடி நேர் எதிர், அது கிழக்குக் கரை, விடியக்காலைல 5.30க்கு கோட்டைக்கு முன்னாடி மணல்ல இருக்கணும். மாசம்னு பாத்தா ஜனவரி, பிப்ரவரி ரெண்டுக்குமே நல்லது, ஐப்பசி கார்த்திகை மழையில தரங்கம்பாடி வேணாம், மே மாசத்துக்கப்புறம் காலியில கடல் முரடா இருக்கும்.

என்னைக் கேட்டா ஒரு நாள்தான் லீவுன்னா யோசிக்காம தரங்கம்பாடி. நாலு நாள் இருக்கு, கையில காசும் இருக்குன்னா காலி, அதுலயும் கோட்டைக்குள்ளயே ஒரு ராத்திரி தங்குங்க, ஏன்னா பகல்ல வந்த கூட்டம் எல்லாம் கிளம்பினப்புறம் 9 மணிக்கு மேல தெருவுல நடந்தா மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிற சத்தம் வீட்டு வாசல் வரைக்கும் கேக்கும்.