"கல்லைக் கரைக்கிறோம்" என்று ஒரு வருட பேக்கேஜ் விற்கிறார்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிறுநீரகக் கல்லை ஆபரேஷன் இல்லாமல் ஹோமியோபதியில் கரைத்துத் தருகிறோம், ஒரு வருட பேக்கேஜ், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் சித்தப்பா எழுந்து வரவில்லை. இப்போது அவருடைய இடது சிறுநீரகம் பேருக்குத்தான் இருக்கிறது. கிளினிக் பெயரை நான் இங்கே போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம், மதுரைக் கிளையில் நடந்தது, அது போதும்.

சித்தப்பா லோடு வேன் ஓட்டுகிறவர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினால் வழியில் வண்டியை நிறுத்தப் பிடிக்காது, அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார். போன கோடையில் விலாவில் சுருட்டிப் பிடித்த வலி, வாந்தி. ஸ்கேனில் இடது யூரெட்டரில், அதாவது சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில், 8 மி.மீ. கல், சிறுநீரகத்தில் லேசான வீக்கம் என்று வந்தது. யூராலஜி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: சில வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம், மறுபடி ஸ்கேன் எடுங்கள், கல் இறங்கவில்லை என்றால் சிறுநீர் வழியாகவே டெலஸ்கோப் விட்டு உடைத்து எடுத்துவிடலாம், வயிற்றில் கத்தியே வைக்கப் போவதில்லை. சித்தப்பா காதில் விழுந்தது "ஆபரேஷன்" என்கிற ஒரு வார்த்தை மட்டும்தான்.

அந்தப் பயம் இருக்கிறதே, அதற்குத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் விளம்பரம், நம்பர் போட்டவுடன் பத்து நிமிஷத்தில் கால் சென்டரில் இருந்து போன், "அப்பா, ஒரு தடவை வந்து பாருங்க, பேசுறதுக்குக் காசு இல்லை". போனால் முதலில் உட்காரவைப்பது டாக்டர் முன்னால் இல்லை, கவுன்சிலர் என்று ஒரு பெண் முன்னால். கோட் போட்டுக்கொண்டு, லேமினேட் செய்த ஃபைலைத் திருப்பித் திருப்பி, சிகிச்சைக்கு முன் ஸ்கேன், சிகிச்சைக்குப் பின் ஸ்கேன் என்று காட்டுகிறார். கூடப் போன சித்தி சொல்கிறார், அந்த ஸ்கேன்களில் நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்ததாம். டாக்டர் பார்த்தது அதற்கப்புறம், அதுவும் பணம் பேசி முடித்த பிறகு. கேட்ட கேள்விகள்: இனிப்பு பிடிக்குமா காரம் பிடிக்குமா, கோபம் வருமா, கனவில் என்ன வரும், எந்தப் பக்கம் படுப்பீர்கள். ஹோமியோபதியில் இப்படிக் கேட்பது வழக்கம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொண்டுபோன ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கரைச்சிடலாம்" என்றார்.

32,000 ரூபாய். பாதியைக் கையில் கட்டி, மீதிக்கு இஎம்ஐ. ரசீதின் அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று இருக்கிறது. அதை யார் படித்தது? சித்தப்பா தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

தந்த மருந்தைச் சொல்கிறேன், கவனியுங்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் வெள்ளைச் சர்க்கரை உருண்டை, திறந்தால் லேசாக ஸ்பிரிட் வாசம். மூடியில் 1, 2, 3 என்று ஸ்டிக்கர். மருந்தின் பெயர் எங்கேயும் இல்லை, வீரியம் எவ்வளவு என்பதும் இல்லை. மருந்துச் சீட்டு கேட்டதற்கு "அது எங்க ஃபார்முலா சார், வெளிய தர மாட்டோம்". அப்புறம் ஒரு காகித உறையில், வலி வந்தால் போடச் சொல்லி அட்டையில்லாத வெள்ளை மாத்திரைகள். அது என்ன மாத்திரை என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. சிறுநீரகத்தில் பிரச்சினை இருப்பவர்கள் டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகளைக் கண்டபடி போடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாத மாத்திரையை யார் தந்தாலும் வாங்காதீர்கள், அவர் எந்த வைத்தியமாக இருந்தாலும் சரி.

பத்தியமும் நீளம். காபி கூடாது, பூண்டு, பச்சை வெங்காயம் கூடாது, தைலம் தேய்க்கக் கூடாது, சாமி கும்பிடும்போது கற்பூரத்தின் பக்கம் போகக் கூடாது, உருண்டையைக் கையால் தொடாமல் மூடியில் கொட்டி வாயில் போட வேண்டும். வண்டி ஓட்டுகிற மனிதன் எங்கேயாவது ஒரு டீக்கடையில் ஒரு காபி குடித்துவிடுவான், இல்லையா? வலி திரும்ப வந்ததும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒருமுறை வலி அதிகமானபோது, "அது நல்லதுக்குத்தான், மருந்து பிடிக்க ஆரம்பிச்சிருச்சு, முதல்ல அப்படித்தான் கூடும்" என்றார்கள். குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, கூடினாலும் மருந்து வேலை செய்கிறது, ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நீ காபி குடித்துவிட்டாய். எப்படிப் போனாலும் அவர்கள் தோற்க மாட்டார்கள்.

பிறகு வலி நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது தெரியாமல்தான் பலர் சிறுநீரகத்தைத் தொலைக்கிறார்கள். கல் குழாயை அடைத்ததும் சிறுநீர் பின்னால் தேங்கி அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம்தான் உயிர் போகிற வலி. அடைப்பு அப்படியே நீடித்தால் அந்தச் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், அது சிறுநீர் உண்டாக்குவதும் குறையும், அழுத்தம் இறங்கும், வலி போய்விடும். கல் அதே இடத்தில்தான் இருக்கும். வெளியே வலி இல்லை, உள்ளே சிறுநீரகம் செத்துக்கொண்டிருக்கிறது. கல் போனதா இல்லையா என்று சொல்ல ஸ்கேனால்தான் முடியும், வலியால் முடியாது.

ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று சித்தி கேட்காமல் இல்லை. அதற்குக் கிளினிக்கில் வந்த பதில், "அடிக்கடி ஸ்கேன் எடுத்தா கதிர்வீச்சும்மா, பேக்கேஜ் முடியிறப்ப எடுத்துக்கலாம்". சாதாரண வயிற்று ஸ்கேன் என்பது அல்ட்ராசவுண்ட், ஒலி அலை. கர்ப்பிணிகளுக்கு எடுப்பதும் அதுதான். அதில் கதிர்வீச்சே கிடையாது. சிடி ஸ்கேனில்தான் உண்டு. பட்டம் வாங்கிய டாக்டருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. ஸ்கேன் எடுத்தால் கல் அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும், மீதி இஎம்ஐ நின்றுவிடும்.

கடைசியில் ஒரு ராத்திரி நடுக்கிக்கொண்டு குளிர் ஜுரம். கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிறது என்று சித்தி போன் செய்தார். கிளினிக்கின் "24 மணி நேர உதவி" எண்ணுக்கும் அடித்திருக்கிறார்கள், 2-ம் நம்பர் டப்பாவில் இருந்து கால் மணிக்கொரு தடவை நாலு உருண்டை போடச் சொன்னார்களாம். நாங்கள் நேராக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ். உள்ளே ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாய் வைத்து வடித்த பிறகுதான் ஜுரம் இறங்கியது. கல்? அதே இடம், அதே 8 மி.மீ. ஒரு துளி கரையவில்லை. கிருமி அடங்கிய பிறகு அதை டெலஸ்கோப்பில் உடைத்து எடுத்தார்கள், முதலில் பார்த்த டாக்டர் சொன்ன அதே முறையில்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முடிந்துவிட்டது, கையில் இருந்து பெரிதாகச் செலவில்லை. அப்புறம் எடுத்த டிடிபிஏ ஸ்கேனில் (ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பது) மொத்த வேலையில் இடது சிறுநீரகத்தின் பங்கு 14 சதவீதம் என்று வந்தது, பாதிக்குப் பாதி இருக்க வேண்டியது.

கீழே நிச்சயம் யாராவது வந்து "எங்க மாமாவுக்கு ஹோமியோபதியில கல் விழுந்துச்சே" என்று எழுதுவீர்கள். விழுந்திருக்கும். 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும், அந்த நேரத்தில் வாழைத்தண்டு சாறு குடித்தவர் வாழைத்தண்டு என்பார், உருண்டை சாப்பிட்டவர் உருண்டை என்பார். கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட், அதைக் கரைக்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. யூரிக் அமிலக் கல்லை மட்டும் சிட்ரேட் மருந்து கொடுத்துக் கரைக்க முடியும், அதற்கும் இது என்ன வகைக் கல் என்று முதலில் பார்க்க வேண்டும். இவர்கள் அதையும் பார்க்கவில்லை.

உருண்டையில் என்னதான் இருக்கிறது என்றும் கேட்பீர்கள். ஹோமியோபதியை 1796-ல் ஜெர்மனியில் ஆரம்பித்தவர் சாமுவேல் ஹானிமன். 30 வீரியம் என்றால் மருந்தை நூற்றில் ஒரு பங்காகக் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூற்றில் ஒன்றாகக் கலந்து, இப்படி முப்பது தடவை. பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. எல்லாமே அப்படி இல்லை, கல்லுக்கு வழக்கமாகத் தருகிற பெர்பெரிஸ் வல்காரிஸ் கியூ மாதிரியான தாய்த் திரவங்களில் செடிச் சாறும் ஆல்கஹாலும் நிஜமாகவே இருக்கும். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 61 நோய்களுக்கான ஆய்வுகளை அலசிப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-ல் அறிக்கை தந்தது. பிரான்ஸில் 2021 முதல் அரசுக் காப்பீட்டில் இதற்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் நிலைமை வேறு, சட்டப்படி அங்கீகரித்த வைத்தியம், திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பிஎச்எம்எஸ் என்கிற ஹோமியோபதிப் பட்டம் பலகையில் இருப்பது அந்த வைத்தியம் உங்கள் கல்லைக் கரைக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எல்லா ஹோமியோபதி டாக்டர்களையும் ஒரே கூடையில் போடவும் மாட்டேன். எங்கள் தெருவிலேயே வயதான ஒருவர் இருக்கிறார், சித்தி பிறகு அவரிடம் கேட்டபோது, "எட்டு மில்லி, வீக்கமும் இருக்கு, எங்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே யூராலஜிக்கு அனுப்பியிருப்பேன்மா" என்றார். சளி, அரிப்பு என்று அவரிடம் போகிறவர்கள் போகட்டும், ஐம்பது ரூபாய் வாங்குவார், மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தருவார். உருண்டைக்காக நான் இவ்வளவு கோபப்படவில்லை. பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, பரிசோதனையைத் தடுத்து, நேரத்தைக் கடத்தியதற்குத்தான் கோபம். இதே கம்பெனிகள் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் பேக்கேஜ் போடுகின்றன, ஓடிக்கொண்டிருக்கிற இன்சுலினை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது மேனேஜர் மாறிவிட்டார், புது மேனேஜருக்கு எதுவும் தெரியாது. "பேஷன்ட் பத்தியம் இருக்கலை, நடுவுல விட்டுட்டாங்க" என்று கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதுவே எங்களுக்கு நல்லதாகப் போயிற்று, எழுத்தில் கிடைத்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் யாராவது மாட்டியிருந்தால்: காசு வாங்கிச் செய்கிற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியாயிற்று. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நாங்கள் வைத்துக்கொண்டது எங்கள் வசதிக்கு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதிந்து எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தையும் விட்டுவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: 1954-ம் வருட மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது, சிறுநீரகக் கல் அதில் உண்டு, சர்க்கரையும் உண்டு. டாக்டர் மேல் தனியாக மாநில ஹோமியோபதி கவுன்சிலுக்கும் எழுதலாம், நாங்கள் எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. ரசீது, இஎம்ஐ கழிந்த பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு, முதல் ஸ்கேன், கடைசி ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மருந்து டப்பாக்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பெயரில்லாத அந்த ஸ்டிக்கரோடு அப்படியே வேண்டும்.