உணவுக்கூடை கவுண்டர்: பொருள் அருமை, கேள்விதான் உறுத்துகிறது

எங்கள் எஸ்டேட் டவுனில் ஒரு தொண்டு அமைப்பு மாதாமாதம் உணவுக்கூடை கொடுக்கிறது. போன வாரம் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன், அவள் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போய் ஒரு வருஷம், கையில் இரண்டு பிள்ளைகள்.

கூடையில் குறை சொல்ல முடியாது. 10 கிலோ அரிசி, பாக்கெட் எண்ணெய், சார்டின், மீகூன் (அரிசி சேமியா), மைலோ. அரிசியில் வண்டு இல்லை, அதுவே பெரிய விஷயம். ஆனால் கவுண்டரில் இருந்த அம்மா, "புருஷன் மேல ஜீவனாம்சக் கேஸ் போட்டாச்சா? பேப்பர் இல்லாட்டி அடுத்த மாசம் கூடை கிடையாது" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

பெற்றவன் கொடுக்கத்தான் வேண்டும், சரி. பிள்ளைச் செலவுக்கு கோர்ட் உத்தரவு போட நம் மலேசியாவில் 1950-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில்கூட உணவு உதவிக்கு இப்படி நிபந்தனை வைக்க 1996 முதல் மாநிலங்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் அடி உதைக்குப் பயந்து ஒதுங்கி வாழ்கிறவர்களுக்கு அங்கே விலக்கும் உண்டு. இங்கே அதைக் கேட்க ஆளில்லை. குடித்துவிட்டு வந்து கதவை உடைத்த மனுஷனுக்கு இவளுடைய புது முகவரி தெரிந்தால் அந்த அம்மாவா வந்து நிற்பார்? கோர்ட்டுக்கு அலைந்தால் அன்றைய கூலியும் போச்சு.

பொருளுக்கு 4 நட்சத்திரம், கவுண்டருக்கு 1. போகிறவர்கள் காலையிலேயே போங்கள், எண்ணெய்தான் முதலில் தீர்கிறது.