லிப்போ பேட்டரி சார்ஜிங்: பல வருடம் புழங்கிய பிறகு எழுதுவது

ஆர்சி (ரிமோட்டில் ஓட்டுகிற) காரோ விமானமோ ட்ரோனோ, எதை ஓட்டினாலும் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த சார்ஜர் வாங்கலாம் என்றுதான். பல வருடமாக லிப்போ பேக்குகளோடு, அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டிய லித்தியம் பாலிமர் பேட்டரிகளோடு புழங்கி வருகிறேன், பெரிய சார்ஜர், சின்ன சார்ஜர், ஸ்க்ரீன் உள்ளது, பட்டன் மட்டும் உள்ளது என்று எல்லாவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். சுமாரான பேலன்ஸ் சார்ஜரே, அதாவது செல்களின் வோல்ட்டைச் சமமாக்குகிற சார்ஜரே போதும். ஆனால் உங்கள் பேக்குக்குள் இருக்கிற ஒவ்வொரு செல்லும் என்ன நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பேட்டரி தீப்பிடிக்கிற பேச்சு எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

ஏன் செல் செல்லாகப் பார்க்க வேண்டும்? 3எஸ் பேக், அதாவது மூன்று செல் வரிசையாக இணைந்த பேக், நிறைந்தால் 12.6 வோல்ட். மூன்று செல்லும் தலா 4.20 என்றால் சரி. ஆனால் ஒன்று 4.35, ஒன்று 4.20, ஒன்று 4.05 என்று இருந்தாலும் கூட்டினால் அதே 12.6 தான் வரும். மொத்தத்தை மட்டும் பார்க்கிற சார்ஜருக்கு இரண்டும் ஒன்றுதான், அந்த 4.35 செல்லுக்கு ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாக அளக்க உதவுகிற பேலன்ஸ் வயரைச் செருகாமல் சார்ஜ் போடுவது என்ற பழக்கமே என்னிடம் கிடையாது, அவசரம் என்றாலும் கிடையாது.

எவ்வளவு ஆம்பில் போடுவது என்பதில் நான் 1சி-யை, அதாவது பேக்கின் கொள்ளளவுக்குச் சமமான கரண்ட்டைத் தாண்டுவதில்லை. 2200 மில்லிஆம்ப்-அவர் பேக் என்றால் 2.2 ஆம்ப், 5000 என்றால் 5 ஆம்ப். பேக்கின் மேல் 5சி வரை ஏற்றலாம் என்று அச்சடித்திருக்கும், ஏறவும் செய்யும், ஆனால் சூடும் கூடும், ஆயுளும் குறையும். வேகமாகப் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. உயர்ந்து நிற்கிற செல்லிலிருந்து சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டை வடித்துத்தான் பேலன்ஸ் செய்கிறது, சாதாரண சார்ஜர்களில் அந்த வடிகால் மிகச் சின்னது, உள்ளே ஐந்து ஆம்ப் பாயும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. மெதுவாகப் போட்டால் கடைசியில் செல்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்து நிற்கும். கடைசிக் கொஞ்சம் ஏற நேரம் ஆகிறதே என்று கவலைப்பட வேண்டாம், 4.20ஐத் தொட்ட பிறகு வோல்ட்டை அங்கேயே பிடித்து வைத்துக் கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே போவதுதான் லித்தியம் சார்ஜிங்கின் முறை.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: "5 ஆம்ப் செட் பண்ணினேன், 3 தான் போகுது, சார்ஜர் கெட்டுப்போச்சா?" கெடவில்லை. 80 வாட் சார்ஜர் என்றால் 6எஸ் பேக்குக்கு, அதாவது 25.2 வோல்ட்டில், 3 ஆம்புக்குச் சற்று மேல்தான் அதனால் கொடுக்க முடியும். வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

சார்ஜர் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த ஒன்று 4.20 என்று நின்றபோது மல்டிமீட்டரில் 4.23 வந்தது. ஒருநாளில் எதுவும் ஆகாது, ஆனால் ஒவ்வொரு சார்ஜிலும் அந்த 0.03 செய்கிற சேதம் சேர்ந்துகொண்டே இருக்கும். புது சார்ஜர் வந்தால் முதல் சில தடவை நல்ல மீட்டரால் பேலன்ஸ் முனைகளை அளந்து பாருங்கள். சிலவற்றில் முடிவு வோல்ட்டை நாமே மாற்றலாம், நான் 4.15 அளவில் வைத்திருக்கிறேன். ஓட்டும் நேரம் கொஞ்சம் குறையும், பேக் கூடுதல் காலம் உழைக்கும்.

மோடு தேர்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணை ஓட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். செல்லுக்கு லிப்போ 4.20, லிஹெச்வி (அதிக வோல்ட் லிப்போ) 4.35, லைஃப் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை சுமார் 3.6, எல்லாம் ஒரே மெனுவில் அடுத்தடுத்து இருக்கும். இவற்றில் மிக மோசமான குழப்பம் லிப்போவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மோடில் போடுவது. நிக்கல் செல் நிறைந்ததும் வோல்ட் லேசாக விழும், அந்த வீழ்ச்சிக்காகத்தான் அந்த மோடு காத்திருக்கும். லிப்போவில் அது வரவே வராது, சார்ஜர் ஏற்றிக்கொண்டே போகும். முழுக்க இறங்கிப்போன லிப்போவை இந்த மோடில் கொஞ்சம் தட்டி எழுப்பலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். செல் ரொம்பக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கிற செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்துவிடும். அந்த பேக் சார்ஜரில் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும், அதுதான் பயம்.

வயரைச் செருகும் வரிசை. சார்ஜருக்குப் போகிற வயரின் ஒரு முனையில் பேக்குக்கான எக்ஸ்டி60 பிளக், மறுமுனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு பனானா பின் இருக்கிறதா? முதலில் பனானா பின்கள் சார்ஜருக்குள் போக வேண்டும், அதற்கப்புறம்தான் பேக். மாற்றிச் செய்தால் கையில் தொங்குகிற அந்த இரண்டு உலோக முனையிலும் பேட்டரியின் முழு வலுவும் இருக்கும், ஒன்றையொன்று உரசினால் நீல வெளிச்சத்தோடு முனையே உருகிப்போகும். கழற்றும்போது தலைகீழாக, பேக் முதலில். பேலன்ஸ் பிளக்கை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். 3எஸ் என்றால் நான்கு மெல்லிய வயர், பிளக்குக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் உறை கிழியும், அப்புறம் உள்ளே கம்பி அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ஒரு செல் திடீரென்று பூஜ்யமோ சம்பந்தமில்லாத எண்ணோ காட்டினால் முதலில் அங்கே பாருங்கள். சரி செய்யும்வரை அந்த பேக் சார்ஜருக்கு வரக் கூடாது.

இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் உதவிய ஒரே பட்டனைச் சொல்லச் சொன்னால் ஸ்டோரேஜ் மோடைத்தான் சொல்வேன். ஓட்டவில்லை என்றால் செல் 3.80 முதல் 3.85 வரைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு ஓட்டலாம் என்று நிறைத்து வைத்து, மழை வந்து, வேலை வந்து, பேக் அப்படியே 4.20இல் கிடந்தால் உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு சேரும், பேக் ஊதும். வெயில் காலத்தில் இது இன்னும் வேகம். ஓட்டப் போகிற அன்று மட்டும் நிறைப்பது, ஓட்டாமல் திரும்பினால் அன்று இரவே ஸ்டோரேஜுக்கு இறக்குவது என்று வைத்துக்கொண்ட பிறகு என் பேக்குகள் ஊதுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. விலை உயர்ந்த பேக்குகளுக்கு மாறியதால் கிடைத்த பலனைவிட இது பெரிது.

உள் எதிர்ப்பு, அதாவது சார்ஜர் மில்லிஓமில் காட்டுகிறதே அந்த எண், அதை நான் பேக்கின் மேலேயே டேப் ஒட்டி எழுதி வைக்கிறேன். எந்த எண் நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, பேக்கின் அளவைப் பொறுத்து மாறும், குளிரில் கூடும், சார்ஜருக்குச் சார்ஜர் வேறுபடும். அதே பேக்கை அதே சார்ஜரில், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் அளந்து பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். என்னிடம் ஒரு 3எஸ் பேக் புதிதில் 6, 6, 7 என்று இருந்தது. பின்னாளில் 9, 16, 10 ஆனது. அதைச் சார்ஜில் போட்டுப் பார்த்தால் நடு செல்தான் முதலில் 4.20ஐத் தொடும், கரண்ட்டை நிறுத்திய உடனே அதுவேதான் முதலில் சரியும். வெளியே பார்க்க பேக் தட்டையாக, புத்தம் புதிதுபோல இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாலும் மெத்தென்று இல்லை. ஊதல் வருவதற்கு முன்பே எண் சொல்லிவிட்டது, அதை அன்றே ஓய்வு கொடுத்து வைத்துவிட்டேன்.

பல பேக்குகளை ஒன்றாக இணைத்து ஒரே சார்ஜரில் போடுகிற பேரலல் போர்டு பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரே மாதிரி, ஒரே வயது, எண் தெரிந்த பேக்குகளுக்கு மட்டும், அதுவும் செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் இல்லாதபோது. செல்லுக்கு 0.5 வித்தியாசம் உள்ள இரண்டு 3எஸ் பேக்கைச் சேர்த்தால் மொத்தம் 1.5 வோல்ட். இரண்டு பேக்கும் வயரும் சேர்ந்து 50 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால் சார்ஜரைத் தொடுவதற்கு முன்பே 30 ஆம்ப் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். பேலன்ஸ் வயரை முதலில் செருகியிருந்தால் அந்த மெல்லிய கம்பி வழியாக! ஃப்யூஸ் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள், பெரிய வயர் முதலில், கொஞ்ச நேரம் விட்டு பேலன்ஸ் வயர். பழைய பேக்குகளை இதில் போடவே மாட்டேன், ஏனென்றால் எல்லா பேக்கும் சேர்ந்த ஒரே எண்தான் திரையில் வரும், நோயுள்ள செல் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

தீ தடுக்கும் பைகளில் சில வைத்திருக்கிறேன். தீப்பொறியை மட்டுப்படுத்தும், புகையைத் தடுக்காது. அதை நம்பிக் கட்டில் பக்கத்தில் சார்ஜ் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இரும்புப் பெட்டி நல்லது, ஆனால் மூடியின் ரப்பர் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், காற்றுப் புகாமல் மூடினால் வாயு சேர்ந்து பெட்டியே வெடிக்கும். என் இடம் வெறும் சிமெண்ட் தரை, பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இல்லை, மேலே புகை அலாரம், நானும் அதே அறையில். மாடலுக்குள் வைத்தபடியே சார்ஜ் போடுவதில்லை. ஓட்டி முடித்த சூட்டோடும் போடுவதில்லை. உறைநிலைக் குளிரில் போடவே கூடாது, லித்தியம் உள்ளே போகாமல் உலோகமாகப் படிந்துவிடும். ஒருவேளை புகை வந்தால், எட்ட முடிந்தால் சார்ஜரின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தப் புகையைச் சுவாசிக்காமல் வெளியேறிவிட வேண்டும், அதில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும். பேக்கைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

விழுந்து நசுங்கிய பேக்கை வெளியே, தனியாக, எரியாத தரையில் வைத்துக் கவனிக்கிறேன், மூலை மடங்கியிருந்தால் மறுபடி பயன்படுத்துவதே இல்லை. ஓய்வு கொடுத்த பேக்கை உப்புத் தண்ணீரில் போடச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: வெளி முனைகள் முதலில் அரித்துப்போய், உள்ளே சார்ஜ் அப்படியே நின்றுவிடக்கூடும். உறை கிழியாத பேக் என்றால் பழைய கார் பல்பு ஒன்றை மாட்டி, திறந்தவெளியில், கண்பார்வையில் வைத்து முழுக்க இறக்குகிறேன். பல்பு அணைந்த பிறகும் மீட்டரால் அளக்கிறேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வயர்களை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய உடனே முனையில் டேப் சுற்றி, பேட்டரி வாங்கிக்கொள்கிற மின்கழிவு மையத்தில் கொடுத்துவிடுகிறேன். இரண்டு வயரையும் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள், கொஞ்சநஞ்சம் மிச்சம் இருந்தால் கத்தரியே ஷார்ட் ஆக்கிவிடும்.